செரி கண்ணு

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. கருமத்தம்பட்டியில் எங்கள் சமையலறைச் சுவரும் தறிக்குடோன் சுவரும் ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் விசைத்தறிகள் பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் நாங்கள் சமைப்போம், சாப்பிடுவோம், தூங்குவோம், நான் பரீட்சைக்குப் படிப்பேன். உப்பு வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். கத்தியும் கேட்காத தூரமென்றால் வாயை நன்றாகத் திறந்து மூடி, கையையும் துணைக்குச் சேர்த்துக்கொள்வோம். குடோனின் அந்தக் கோடியில் நிற்கும் அப்பா நூல் தீரப்போகிறது என்று வாயசைப்பார். நான் இந்தக் கோடியில் நின்று காபி ஆறுகிறது என்று வாயசைப்பேன். ஒரு சத்தமும் வெளியே வராமல் இரண்டு பேரும் அரை மணி நேரம்கூடப் பேசியிருக்கிறோம். இதை ஒரு வித்தை என்று நான் நினைத்ததே இல்லை. எல்லா ஊரிலும் ஜனங்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று இருந்தேன்.

பிளஸ் டூ முடிந்ததும் மேட்டுப்பாளையம் ரோட்டில், பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. காந்திபுரத்தில் பஸ் மாறி தினமும் போய்வரலாம். அப்பா அதைத்தான் சொன்னார். ஹாஸ்டல்தான் என்று ஒற்றைக் காலில் நின்றது அம்மா.

"இந்தச் சத்தத்துல இவ என்னத்தப் படிப்பா? பிளஸ் டூவுக்கு இவ படிச்ச லட்சணத்தப் பாத்தாச்சு. போயி நாலு புள்ளைங்களோட இருந்து படிக்கட்டும்."

அம்மா முடிவெடுத்துவிட்டால் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது. அப்பாவும் தலையாட்டிவிட்டார். ஆனால் சேர்த்துவிட்டுக் கிளம்பும்போது, அம்மா முன்னால் நடந்து போனதும், ஹாஸ்டல் கேட்டருகே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கண்ணு, ஒத்துக்கலீன்னா ஒரு போன் போடு. ஆம்னிய எடுத்துட்டு அப்பவே வந்துர்றேன். உங்கம்மாகிட்ட நாம் பேசிக்கறேன்."

நூல் கோன் மூட்டை ஏற்றுகிற அந்த ஆம்னி வேனை நினைத்துக்கொண்டுதான் நான் உள்ளே போனேன். எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போகலாம் என்ற தைரியம் இருந்ததால்தான் முதல் வாரம் அழவில்லை.

அறையில் இரண்டு கட்டில். ஜன்னலைத் திறந்தால் குருடிமலை. குழாயில் உப்புத் தண்ணீர். காலையில் குளியலறைக்கு வாளியை வரிசையில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனால், திரும்பி வருவதற்குள் நம் வாளி பின்னால் போயிருக்கும். மாடிக் கொடியில் போட்ட துணிக்கு நாமே காவல் இருக்க வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் உள்ள கஷ்டம். இதைப் பற்றி எல்லோரும் சேர்ந்து புலம்பலாம், அதில் ஒரு சுகம்கூட உண்டு. என்னுடைய கஷ்டம் வேறு. எனக்கு அந்த அமைதி பிடிபடவில்லை. சத்தமில்லாத இடத்தில் தூக்கம் வராது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மேட்டுப்பாளையம் ரயில் கடந்து போகிற கொஞ்ச நேரம்தான் எனக்கு நிம்மதி.

அறையில் என்னுடன் இருந்தவள் தூத்துக்குடிக்காரி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். வீட்டில் டம்ளரைச் சத்தமாக வைத்தாலே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களாம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளை விதி என்னோடு கொண்டுவந்து சேர்த்திருந்தது. முதல் நாளே நான் அவளைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க! அந்த வாளிய இப்படித் தள்ளுங்க!"

அவள் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் அதை அவளுடைய சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் சமவயசுப் பெண்ணையும் பழகும் வரை வாங்க, போங்க என்றுதான் சொல்வோம். அதனால் நான் போட்ட கூச்சல் முழுவதும் மரியாதையோடுதான் இருந்தது. 'லைட்டப் போடுங்க!' 'சாப்புட வாரீங்களா!' 'உங்க துண்டு கீழ விழுந்துருச்சுங்க!' இப்படிக் கத்துகிறவள் கோபமாக இருக்கிறாளா, கிண்டல் செய்கிறாளா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"என்னைப் போயி நீங்கன்னு சொல்லுத. வா போன்னே சொல்லு" என்று ஒருநாள் மெல்லிய குரலில் கேட்டாள்.

"அதெப்படிங்க சொல்றது!" என்றேன். பக்கத்து அறைக் கதவு திறந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

மெஸ்ஸில் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சாதம் போட்ட ஒரு மத்தியானம். எங்களுக்கு அது பண்டிகைச் சாப்பாடு இல்லையென்றாலும், நெய் ஊற்றிச் சாப்பிட்டால் வேறு எதுவும் வேண்டாம். தூத்துக்குடிக்காரி தட்டைப் பார்த்து, "சாம்பார் சாதம் வச்சவங்க சாம்பார ஊத்த மறந்துட்டாவளா?" என்று முதல் வாரமே கேட்டிருந்தாள். அன்றைக்கு அவள் என்னோடு உட்காராமல், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில், பக்கத்து அறைப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள். நடுவில் அத்தனை மேசைகள், தட்டுச் சத்தம், நூறு பேச்சு. அவ்வளவு தூரத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. எனக்கும் கேட்கவில்லை. நான் சும்மா அவள் பக்கம் பார்த்தேன். எங்கள் வீட்டில் எதிர்க்கோடியைப் பார்ப்பது போலப் பார்த்தேன். அவள் பேசுவது முழுவதும் தெரிந்தது.

"அவ சண்ட போடுதாளா, சாதாரணமாப் பேசுதாளான்னே தெரிய மாட்டேங்கு. எனக்குப் பயமா இருக்குட்டி. வார்டன் மேடத்துட்ட வேற ரூம் கேக்கப் போறேன்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. நான் எப்போது சண்டை போட்டேன்? ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசியிருப்பேனா? போய் நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். கேட்டால் கத்தித்தான் கேட்பேன். அவள் சொன்னது அத்தனையும் நிஜம் என்று மெஸ் முழுவதுக்கும் நானே நிரூபித்துக் காட்டியதாகிவிடும். மறுபடி உட்கார்ந்து மிச்சச் சோற்றைத் தின்றேன். 

அன்றிலிருந்து மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டேன். வைராக்கியம் வந்தால் எனக்கு எதுவும் முடியும். மற்ற பெண்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்தேன். யாரும் வாயைத் திறப்பதே இல்லை. உதட்டைக் கொஞ்சமாக அசைத்து, வார்த்தையைப் பல்லுக்குப் பின்னாலேயே முடித்துவிடுகிறார்கள். மாடியில் துணி காயப் போடும்போது தனியாக நின்று அதைப் பழகினேன். ஆரம்பத்தில் குரல் அடுப்புத் தீ மாதிரி குப்பென்று மேலே ஏறும், உடனே இறக்குவேன். கொஞ்ச நாளில் வந்துவிட்டது. மெஸ்ஸில் பரிமாறும் அக்காகூட, "என்ன சாமி, சத்தமாச் சொல்லு" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

தூத்துக்குடிக்காரி வேறு அறை கேட்கவில்லை. "உடம்புக்கு முடியலையா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று வாயைத் திறக்காமல் சொன்னேன். ஹாஸ்டலில் எல்லோருக்கும் என்னைப் பிடிக்க ஆரம்பித்தது. எனக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. மெதுவாகப் பேசும்போது எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமே இல்லாமல் போனது. கிண்டல் பண்ண முடியவில்லை, வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை, கோபத்தைக்கூட ஒழுங்காகக் காட்ட முடியவில்லை. நாள் முழுவதும் வேறு யாருடைய துணியையோ போட்டுக்கொண்டு திரிவது போலிருந்தது. முதல் இன்டர்னல் தேர்வில் கணக்கில் மதிப்பெண் கேவலமாக வந்தது. வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஹாஸ்டலில் செல்போன் வார்டன் அறையில் இருக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் கையில் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் வராந்தா நெடுக, சுவரைப் பார்த்துக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். சேர்ந்த புதிதில் நான் அங்கே நின்று பேசினால் என் வீட்டுச் செய்தி அத்தனையும் மூன்று மாடிக்கும் கேட்கும். எங்கள் வீட்டில் பூனை குட்டி போட்டதை மறுநாள் முன்பின் தெரியாத சீனியர் ஒருத்தி என்னிடமே விசாரித்தாள். இப்போது நானும் நாகரிகமாகச் சுவரைப் பார்த்து, கையால் வாயை மறைத்துப் பேசினேன்.

அம்மாவின் போனுக்குக் கூப்பிடவில்லை. அவளிடம் சொன்னால் படிப்பு, மதிப்பெண் என்று நீதிமன்றம் கூடிவிடும். அப்பாவின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டேன். வீடியோவில் பேசியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: டச் போன் பஞ்சுத் தூசிக்கு நிற்காது என்பது அப்பாவின் கட்சி. அம்மாவின் போனில் வீடியோ போட்டால் எனக்குத் தெரிவது மின்விசிறியும் அப்பாவின் நெற்றியும்தான்.

"அப்பா, எனக்கு இங்க ஒத்துக்கலீங்ப்பா."

"செரி கண்ணு."

"சனிக்கெழம வந்து கூட்டிட்டுப் போயிருங்க. அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீங்க."

"செரி கண்ணு, செரி."

"நெசமா வந்துருவீங்களா?"

"செரி கண்ணு. நல்லாப் படி. நேரத்துக்குச் சாப்புடு. வெச்சர்றேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏன், என்ன என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் அப்பா என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் தூத்துக்குடிக்காரியின் வாளியையும் சேர்த்துக் கொண்டுபோய் வரிசையில் வைத்தேன்.

சனிக்கிழமை காலையிலேயே பையைக் கட்டிவிட்டேன். கேட்டுக்குப் பக்கத்தில், பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு தகரக் கொட்டகை இருக்கும். அதில் போய் உட்கார்ந்தேன். நிறைய அப்பாக்கள் வந்தார்கள். சோறு கட்டிய தூக்குப் போசியோடு, முறுக்கு டப்பாவோடு, போர்வையோடு. வெள்ளை ஆம்னி எது வந்தாலும் எழுந்து நின்றேன். காவலாளி அண்ணன், "யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டார். "எங்கப்பாங்க" என்றேன். மத்தியானம் மெஸ் மணி அடித்தது. போனால் அந்த நேரத்தில் அவர் வந்துவிடுவார் என்று போகவில்லை. வெயில் சாய்ந்தது. அவர் வரவில்லை.

வார்டனிடம் கேட்டு போனை வாங்கி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேச மாட்டேன் என்று வீம்பு. வருகிறேன் என்றவர்தானே வர வேண்டும்? நான் ஏன் கெஞ்ச வேண்டும்? அம்மா ஏதோ சொல்லித் தடுத்திருப்பாள், அவளுக்குப் பயந்து அவர் உட்கார்ந்துவிட்டார் என்று எனக்கு நானே கதை கட்டிக்கொண்டேன். பிறகு அந்தக் கதையும் போய், அவருக்கே நான் வர வேண்டாம் என்று இருக்கிறது என்று தோன்றியது. அந்த நினைப்பு தாங்க முடியாததாக இருந்தது.

பையோடு அறைக்குத் திரும்பினேன். தூத்துக்குடிக்காரி கட்டிலில் படித்துக்கொண்டிருந்தாள். அழுது சிவந்த என் கண்ணையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.  எழுந்து போய் மெஸ்ஸிலிருந்து ஒரு தட்டில் சாதம் எடுத்து வந்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, என் மேசையில் வைத்தாள்.

"சாப்பிடு. அழுததுக்கப்புறம் பசிக்கும்" என்றாள்.

பசித்தது. அன்றிலிருந்து அவளை நீ என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அப்பா வழக்கம்போல் தினமும் அந்த ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார். நான் எடுத்து, ஆமாம், இல்லை, சாப்பிட்டேன் என்று முடித்துவிடுவேன். அவர் எல்லாவற்றுக்கும் செரி கண்ணு என்பார். சனிக்கிழமையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு சமாதானம்கூடச் சொல்லத் தோன்றவில்லையா என்று எனக்கு வயிறு எரியும். அந்தச் சொல்லைக் கேட்டாலே போனை வைத்துவிடுவேன்.

ஆயுத பூஜைக்கு விடுமுறை விட்டார்கள். தூத்துக்குடிக்காரிக்கு ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. காலியான ஹாஸ்டலில் தனியாக இருக்கப்போகிறாள் என்று அம்மாவிடம் சொன்னதும், "அந்தப் புள்ளைய அங்க எதுக்கு உட்டுட்டு வர்ற? கையோட கூட்டிட்டு வா" என்றாள். எனக்கும் வேறு ஒரு கணக்கு இருந்தது. விருந்தாளியாக ஒறம்பரை ஒருத்தி வீட்டில் இருந்தால் அம்மா என் மதிப்பெண்ணைப் பற்றி வாயெடுக்க மாட்டாள்.

போய்ச் சேர்ந்தபோது வீடே ஒரு மாதிரியாக இருந்தது. வருஷத்தில் அந்த ஒரு பூஜைக்குத்தான் எங்கள் தறிகள் சேர்ந்தாற்போல் நிற்கும். பஞ்சைக் காற்றடித்து நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஒவ்வொரு தறிக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். வாசலில் பூசணிக்காய், பொரி மூட்டை, வாழைக்கன்று. தறி நின்றிருந்தாலும் வீட்டில் ஒருவரும் குரலை இறக்கவில்லை. தெருவின் அந்தக் கோடியில் நிற்கிறவர்களைக் கூப்பிடுவது போல அம்மா சமையலறையிலிருந்து, "வாங்க கண்ணு! உள்ள வாங்க! கைகால் கழுவுங்க!" என்று கத்தினாள். தூத்துக்குடிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தவள், "உங்க வீட்ல எல்லாரும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"எப்படி?" என்றேன்.

"சும்மாவே இப்படித்தானான்னு கேக்கேன்" என்று சிரித்துவிட்டாள். என்னைப் பற்றி அவள் நினைத்திருந்தது அத்தனையும் அந்தச் சிரிப்பில் கரைந்தது.

அப்பா குடோனில் கடைசித் தறிக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகு என் பக்கம். தூத்துக்குடிக்காரி வீட்டில் இருக்கும்போது கேட்க வேண்டாம் என்று வைத்திருந்தேன். ஆனால் ஒன்றுமே நடக்காதது போல் அவர் மாவிலை கட்டுவதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னைக்கு ஏனுங்ப்பா நீங்க வரல?"

அவர் திரும்பாமல் நூல் முடிச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

"வாரேன்னு சொல்லிப்போட்டு ஏன் வரல? நா நாள் பூராக் கேட்டுல உக்காந்திருந்தேன்."

என் நிழல் தறியில் விழுந்ததைக் கண்டோ என்னவோ அப்போதுதான் திரும்பினார். முகமெல்லாம் மலர்ந்தது. என் வாயையே பார்த்தார். நான் ஹாஸ்டலில் பழகியபடி, உதடு அசையாமல், மறுபடியும் கேட்டேன்.

"ஏன் வரல?"

"செரி கண்ணு" என்றார் அப்பா.

தறி ஓடியிருந்தால் சத்தத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியிருக்கும். அன்றைக்கு அங்கே ஒரு சத்தமும் இல்லை. வாசலில் யாரோ தேங்காயை உரிப்பதுகூட எனக்குக் கேட்டது. அப்பா அதே மலர்ச்சியோடு, நான் ஏதோ நல்ல செய்தி சொன்னது போலத் தலையாட்டிவிட்டு மாவிலைக்குத் திரும்பினார். 

சமையலறைக்குப் போய், அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் சுண்டலைத் தாளித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்கப்பாவுக்குக் காது போயி எத்தன காலமாச்சு. வாயப் பாத்துத்தான் பேசிட்டிருக்கறாரு. நீயென்ன புதுசாக் கேக்கற? டாக்டர்கிட்டப் போலாம்னா எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குதுங்கறாரு."

"அப்பறம் போன்ல?"

"நீ முன்னெல்லாம் கத்துவியே, அது கொஞ்சம் விழுகும். இப்ப நீ பேசறது எனக்கே விழுகறதில்ல. அவருக்கு என்ன தெரியும்? புள்ள போன் போட்டிருக்குதுன்னு தெரியும். செரி கண்ணும்பாரு."

வாயைப் பார்த்துப் பேசுவது எங்கள் வீட்டில் எல்லோரும் செய்வது. நானும் செய்வேன். அதனால் அவருக்கு அது ஒன்றுதான் வழி என்பது என் கண்ணில் படவே இல்லை. மெஸ்ஸின் அந்தக் கோடியில் யாரோ பேசியதைக் கண்டுபிடித்த கெட்டிக்காரி நான். அப்பாவுக்குக் கேட்கிற குரலையும் அவருக்குத் தெரிகிற வாயையும் சேர்த்து மூடிவிட்டுத்தான் நான் அவரை வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்குத் தெரியாத ஒரு சனிக்கிழமைக்கு அவரிடம் என்ன நியாயம் கேட்பது? சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். சுண்டலுக்குத் தேங்காய் துருவச் சொன்னாள் அம்மா.

அப்புறம் குடோனுக்குப் போய், அப்பாவின் எதிரில் நின்று, வாயை முழுக்கத் திறந்து, பழைய குரலில் கேட்டேன்.

"காபி குடிச்சீங்களா!"

"இப்பத்தான் குடிச்சேன் கண்ணு. உன்ற சினேகிதிக்குக் குடுத்தீங்களா? எந்தூருப் புள்ள அது? பூசைக்குக் கூட நில்லுங்கன்னு சொல்லு" என்று மடமடவென்று பேசினார். எத்தனையோ நாளாகத் தேக்கி வைத்திருந்தவர் போலப் பேசினார். அந்த இரண்டு நாளும் நான் கத்தியது கத்தியபடியே இருந்தேன். சனிக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் தூத்துக்குடிக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஸ்ஸில் அவள் பேசியதை நான் பார்த்ததையும் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள் அவிநாசி ரோடு பாதி தாண்டும் வரை திரும்பவில்லை. பிறகு கையால் வாயை மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"என்ன?" என்றேன்.

கையை எடுத்தாள். "இனி உன்னைப் பத்தி எதுவும் பேசணும்னா இப்படித்தான் பேசணும்னு சொன்னேன்."

மறுநாள் சாயங்காலம் போன் கொடுத்தார்கள். வராந்தாவில் எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். நான் போனை வைத்துக்கொண்டு தயங்கினேன். மாடிக்குப் போய்விடலாமா என்று பார்த்தால் கதவைப் பூட்டியிருந்தார்கள். தூத்துக்குடிக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"கத்துட்டி. யாராவது கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

போட்டேன். அப்பா எடுத்ததும், "அப்பா! சாப்ட்டீங்களா!" என்று கத்தினேன். வராந்தா முழுவதும் திரும்பியது. ஒருத்தி காதில் விரலை வைத்தாள். தூத்துக்குடிக்காரி அவளைப் பார்த்த பார்வையில் அவள் விரலை எடுத்துவிட்டாள்.

"இன்னும் இல்ல கண்ணு. உங்கம்மா இப்பத்தான் தோசக்கல்ல அடுப்புல வெக்கறா. கண்ணு, நீ பேசறது நல்லாக் கேக்குது!"

"கேக்குதுங்களா!"

"ரொம்ப நல்லாக் கேக்குது. முந்தியெல்லாம் நீ பேசுனா மொணமொணன்னு வரும், ஒண்ணும் வெளங்காது. நா பாட்டுக்குச் செரி கண்ணு, செரி கண்ணும்பேன். ஊட்டுக்கு நீ வந்தப்பப் பேசுனதெல்லாம் கணீர்னு கேட்டுச்சா, அப்பறந்தான் போன்லதான் கோளாறுன்னு தெரிஞ்சுது. நேத்தே போயிப் புதுப் போனு வாங்கிப்போட்டேன். பரவால்ல கண்ணு, நல்ல போனு."

நான் பேசவில்லை. அவர் போன் கெட்டுவிட்டதோ என்று பயந்து, "கண்ணு? கண்ணு, கேக்குதா?" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"கேக்குதுங்ப்பா!"

"ஒண்ணு கேக்கோணும்னு இத்தன நாளா நெனச்சுட்டே இருந்தேன். கேட்டா நீ சொல்றது எனக்குக் கேக்காதேன்னு கேக்காமயே இருந்துட்டேன். அங்க உனக்கு ஒத்துக்குதா கண்ணு? இல்ல வந்து கூட்டிட்டு வந்துரட்டா? நாளைக்கே வந்துர்றேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் தூத்துக்குடிக்காரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதால் குரல் இறங்கிவிடும், இறங்கினால் அவருக்குக் கேட்காது. அதனால் அழுகையை விழுங்கிவிட்டு, மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"ஒத்துக்குதுங்ப்பா! நா இங்கயே இருந்துக்கறேன்!"